ஏழாவது குச்சி

ஜூன் 4

என் நில அளவைக் கம்பெனிக்கு ஒரு கள நாட்குறிப்பு எழுத வேண்டும். தேதி, வானிலை, கருவி எண், அளந்த புள்ளிகள். அதை ஜப்பானிய மொழியில் எழுதுகிறேன். இது தமிழில். சுற்றி நாற்பது கிலோமீட்டருக்கு இதைப் படிக்க ஆள் கிடையாது. ஆகவே நாசூக்கு பார்க்கத் தேவையில்லை.

ஊரின் பெயர் உசுகாவா. ஜப்பானில் பனி அதிகம் கொட்டும் மேற்குப் பக்கத்து மலைகளுக்குள் இருக்கிறது. கிழக்கிலிருந்து வரும் ஆறு இங்கே முழங்கைபோல மடங்குகிறது. மடக்கில் மூன்று படியாக நிலம்: கீழ்ப்படியில் வயல், நடுப்படியில் கடைத்தெரு, மேல்படியில் கோயிலும் மயானமும். குளிர்காலத்தில் நான்கு மீட்டர் பனி. ஒரு காலத்தில் பதினோராயிரம் பேர்; இப்போது மூவாயிரத்துக்குச் சற்று மேல். பட்டு ஆலை இருந்த இடம் கார் நிறுத்துமிடம். ரயில் நிலையத்தில் முள்ளங்கி விற்கிறார்கள். பள்ளிக்கூடம் மூடிவிட்டதால் எங்களுக்கு அலுவலகமாகக் கொடுத்திருக்கிறார்கள். நான் உட்கார்ந்திருப்பது நாலாம் வகுப்பு 'ஆ' பிரிவு. மேஜை என் முழங்காலில் இடிக்கிறது.

மேலாளர் மொரிதா. ஐம்பத்திரண்டு வயது, ஒரு நாளைக்கு ஐம்பத்திரண்டு வார்த்தை. என் பெயர் பால்வண்ணன் என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தார். கடைசியில் 'பாரு-குன்', அதாவது 'தம்பி பாரு', ஆகிவிட்டேன். மற்றவர்களுக்கு, கொஞ்சம் மரியாதையாக, 'பாரு-சான்'.

அம்மா இரண்டு முறை அழைத்திருக்கிறாள். எடுக்கவில்லை.

ஜூன் 12

எங்கள் வேலை கமிசவா என்ற குக்கிராமம். ஊரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் மேலே. ஆறு வீடுகள். சராசரி வயது எழுபத்து நான்கு. மனை எல்லைகளை அளந்து, உரிமையாளர்கள் கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் முத்திரையை வாங்கிப் பதிவு அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. கமிசவா நிற்பது நிலச்சரிவுச் சரிவில். அடியில் நீலக் களிமண். பனி உருகிய நீர் அதற்குள் இறங்கினால் சோப்பு மாதிரி வழுக்கும். அந்த நீரை எடுக்க வடிகிணறு தோண்டப் போகிறார்கள். மூன்றரை மீட்டர் விட்டம், பதினைந்து மீட்டர் ஆழம், பக்கவாட்டில் குழாய்கள். கிணறு யார் நிலத்தில் வருகிறதோ அவர் சம்மதம் வேண்டும். யார் நிலம் என்று தெரிந்தால்தானே சம்மதம் கேட்க முடியும்? பனி விழுவதற்கு முன் முடியாவிட்டால் அடுத்த வசந்தத்தில் பனி உருகும்போது ஆறு வீடுகளும் கடவுள் விட்ட வழி.

வழுக்கும் இடத்தில் ஏன் போய் வீடு கட்டினார்கள் என்று மொரிதாவைக் கேட்டேன்.

"சரிஞ்ச மண்ணுதான் மெத்துனு இருக்கும். அதுலதான் தண்ணி நிக்கும். தண்ணி நின்னாத்தான் நெல்லு. அசையாத பாறையில என்ன விளையும்?"

அன்றைய கோட்டாவில் பாதியைச் செலவழித்துவிட்டார்.

கமிசவாவின் சின்னக் கோயிலுக்குப் பின்னால் உள்ள அசையாத பாறையில், எல்லா அளவுக்கும் ஆதாரமான அடிப்படைப் புள்ளியைப் பதித்தேன்.

ஜூன் 19

இன்று எல்லை நிற்பு நாள். அக்கம்பக்கத்து உரிமையாளர்கள் நிலத்தில் வந்து நின்று, "என் எல்லை இது" என்று காட்ட வேண்டும். நான் ஆப்பு அடித்து அளக்க வேண்டும்.

இவர்கள் பேசும் மலைப் பேச்சு என் காதில் எங்கள் ஊர்த் தமிழாகத்தான் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

இவாபுச்சி தொமோகோ-சான். அறுபத்தைந்து வயது, கிராமத் தலைவர், கணவர் இல்லை. சின்ன லாரியை மலைப்பாதைத் திருப்பத்தில்கூட வேகம் குறைக்காமல் ஓட்டுகிறார். இறங்கியதும் என் பூட்ஸைப் பார்த்தார்.

"பாரு-சான், இது ஆபீஸ் பூட்ஸ். நாளைக்குள்ள சேறு தின்னுரும். வீட்டுல எங்க வீட்டுக்காரர் பூட்ஸ் சும்மாதான் கிடக்கு."

"என் அளவு இருபத்தெட்டு."

"காலா, தோணியா?"

அவர் ஒரு புதர் அருகே நின்று, "எங்க நிலம் இதோட சரி" என்றார். களைக்கொத்தால் இரண்டு கொத்து கொத்தினார். கைப்பிடி அளவு மரக்கரி வந்தது. எல்லை போடும்போது அடியில் கரி புதைப்பார்களாம். கல்லை நகர்த்தலாம், ஆப்பு மக்கும், கரி மக்காது. நல்ல முறைதான். ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த நிலம் ஹோஷி தகெஜிரோவினுடையது. எண்பத்தாறு வயது. ஒரு கண்ணில் புரை, மற்றதில் பாதி. தடியை ஊன்றி நடந்து வந்து நின்ற இடம், தொமோகோ-சான் நின்ற இடத்திலிருந்து மூன்று மீட்டர் நாற்பது.

"ஹோஷி-சான், உங்க எல்லை அவங்க எல்லையோட ஒட்டணும்" என்றேன்.

"ஒட்டாது. எனக்கு இதோட சரி."

அங்கேயும் கொத்தினோம். அங்கேயும் கரி.

"அப்ப நடுவுல இருக்கிறது யாரோடது?"

இருவரும் மலையைப் பார்த்தார்கள். தகெஜிரோ, "என்னோடது இல்ல" என்றார். தொமோகோ-சான், "எங்களோடதும் இல்ல" என்றார். நாற்பது மீட்டர் நீளம், மூன்று நாற்பது அகலம், நூற்று முப்பத்தாறு சதுர மீட்டர், அனாதை.

எங்கள் ஊரில் இரண்டேகால் அடிக்கு மண்டை உடையும். இங்கே நூற்று முப்பத்தாறு சதுர மீட்டரை ஆளுக்கு ஆள் தள்ளிவிடுகிறார்கள். இரண்டேகால் அடி என்பது சும்மா சொன்ன எண் அல்ல. ஜப்பானுக்கு வருவதற்கு முந்தைய மாதம் நானே அளந்தது. பிழை இரண்டு சென்டிமீட்டருக்குள். பெரியப்பா கிணற்றின் மோட்டார் ரூம் சுவரும் மேல் படியும் எங்கள் பட்டாவில் விழுந்தன. எல்லைக் கல்லை நானே நட்டேன். அளவு சரி.

ஜூன் 26

மறுபடி அளந்ததில் கமிசவா புள்ளிகள் பதினோரு மில்லிமீட்டர் தள்ளி இருக்கின்றன. அளவுக் கருவியின் முக்காலியைத் தரையில் அழுந்த மிதிக்கவில்லை போல. என் தவறு.

ஜூலை 3

மழை. வெளி வேலை இல்லை. நகராட்சியில் இருந்த பழைய வரைபடங்களை ஸ்கேன் செய்தேன்.

கமிசவாவுக்கு இருக்கும் பதிவு வரைபடம் நூற்று நாற்பது வருடப் பழசு. வரி போட அரசாங்கம் அளக்கச் சொன்னபோது ஊர்க்காரர்களே கயிறு பிடித்து அளந்தது. வரி குறையட்டும் என்று கயிற்றின் அளவு முடிச்சுகளை இடைவெளி கூட்டிக் கட்டியிருக்கிறார்கள். உண்மையில் ஆயிரம் என்றால் வரைபடத்தில் எண்ணூறு. திருட்டுக்கும் ஒரு ஒழுங்கு: எல்லா வீட்டுக்கும் ஒரே விகிதத்தில் திருடியிருக்கிறார்கள்.

அதில் இடைவெளி இல்லை. இவாபுச்சியும் ஹோஷியும் ஒட்டியே இருக்கிறார்கள்.

கயிறு என்று எழுதும்போது ஒன்று ஞாபகம் வந்தது. இந்த வேலைக்குச் சம்பந்தமில்லை.

ஜூலை 13

அம்மா பேசினாள்.

"ஏய்யா, பெரியப்பா தொழுவத்துல வழுக்கி விழுந்துட்டாரு. வலது கை எழும்பல. ஆஸ்பத்திரியில இருந்து வந்தாச்சு. பேச்சும் கொஞ்சம் குழறுது. உன்னைத்தான் கேக்காரு."

"எதுக்கு?"

"எதுக்குன்னா என்னத்தச் சொல்ல? கேக்காரு."

"அப்பா போய்ப் பாத்தாங்களா?"

அம்மா பேச்சை மாற்றி, சாப்பிட்டாயா என்று கேட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவிடம் பேசுகிறேன் என்றேன்.

ஜூலை 20

புள்ளிகள் இப்போது மூன்று புள்ளி ஒன்று சென்டிமீட்டர் தள்ளி. எல்லாம் ஒரே திசையில், கீழ்நோக்கி. முக்காலியைக் காலையிலும் மாலையிலும் சோதித்தேன். தவறு என்னிடம் இல்லை.

மொரிதாவிடம் சொன்னேன். "இன்னொரு தடவை அளந்துட்டுச் சொல்லு" என்றார். அளந்தேன். சொன்னேன். எண்ணைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு, "வேகமா முடி" என்றார்.

ஆகஸ்ட் 10

மூன்று நாளில் மூதாதையர் பண்டிகை. கமிசவாவில் புல் வெட்டும் சத்தம். ஆறு வீட்டுக்காரர்களும் அந்த அனாதை நிலத்தில் நின்று வெட்டிக்கொண்டிருந்தார்கள். தகெஜிரோகூட அரிவாளுடன் குத்தவைத்திருந்தார். வெட்டி முடித்து, நடுவில் ஒரு குவளை தண்ணீரும் ஒரு கிண்ணம் சோறும் வைத்துவிட்டுக் கலைந்தார்கள்.

தொமோகோ-சானைப் பிடித்துக்கொண்டேன். "யாருக்கும் சொந்தமில்லாத நிலத்துக்கு ஆறு பேர் புல்லு வெட்டுறீங்க. யாரோடதுன்னு நேராச் சொன்னா என் வேலை முடியும்."

"கொமோரி வீட்டு நிலம்" என்றார்.

"கொமோரி எங்கே?"

கொத்தின் நுனியால் தரையைக் காட்டினார்.

அறுபத்திரண்டு வருடம் முன்னால், ஏப்ரலில், மலை இறங்கியிருக்கிறது. மேலே இருந்த கொமோரி வீடு இந்த இடம்வரை இழுபட்டு வந்து அப்படியே உள்ளே போய்விட்டது. நான்கு பேர். கொமோரியும் அவர் தாயும் கிடைத்தார்கள். மனைவி ஃபுமியும் மூன்று வயதுப் பையன் ஷின்னும் கிடைக்கவில்லை. பன்னிரண்டு நாள் தோண்டிவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

"ஷின்னுக்கு என் வயசுதான்" என்றார் தொமோகோ-சான். "அவன் மூஞ்சி ஞாபகம் இல்ல. எங்கிட்ட இருந்து ஒரு உருண்டைச் சோத்தைப் பிடுங்கித் தின்னான், அது மட்டும் ஞாபகம் இருக்கு."

இந்த ஊரில் ஒரு முறை இருந்திருக்கிறது. மலை இறங்கி வயல்கள் கலைந்துவிட்டால், யார் நிலம் போயிற்று, யார் நிலம் மிஞ்சிற்று என்று பார்ப்பதில்லை. கலைந்த பகுதியில் மிஞ்சியதை மட்டும் ஒன்றாகப் போட்டு, கயிறு பிடித்துச் சமமாகப் பிரித்து, குச்சி எடுத்துப் பங்கிடுவார்கள். வீட்டுக்கு ஒரு குச்சி. நட்டம் எல்லோருக்கும் ஒரே அளவு. முந்நூறு வருடமாக இப்படித்தானாம். கடைசியாக எடுத்தது அந்த வருடம். ஆறு வீடு மிஞ்சியிருந்தும் ஏழு பங்காகத்தான் பிரித்தார்கள். கொமோரி குச்சிக்கு இந்தப் பங்கு விழுந்தது.

"பதிவு அலுவலகத்துல சொல்லலையா?"

"செத்தவங்க பேருக்குப் பங்கு போட்டோம்னு எந்த ஆபீசுல சொல்ல?"

ஆகஸ்ட் 18

மொரிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னது: பதிவில் கொமோரிக்கு அங்கே நிலம் இல்லை. இல்லாத நிலத்தை வரைய முடியாது. இடைவெளி இருந்தால் அந்தப் பகுதி முழுக்க 'எல்லை தீராதது' ஆகிவிடும். கிணறு வராது. நடுவில் கோடு போடு.

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். கோடு போட நாற்பது நொடி ஆயிற்று.

ஆகஸ்ட் 20

முத்திரை வாங்கும் நாள். தொமோகோ-சான் மகள் வீட்டுக்குப் போயிருப்பதால் அவருடையது பாக்கி.

தகெஜிரோ காகிதத்தை மூக்குக்கு நேரே பிடித்து, விரலால் தடவினார்.

"பரப்பு என்ன போட்டிருக்கு, அளவுக்காரரே?"

வாசித்தேன். "ஆயிரத்து இருநூற்று எண்பத்து நாலு."

"இன்னொரு தடவை."

வாசித்தேன். கொஞ்சம் வேகமாக.

"ஓ" என்றார். டப்பாவைத் திறந்து, சிவப்பு மையில் ஒற்றி, நேராகக் குத்தினார். கோடு எங்கே போகிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வேலை முடிந்தது.

ஆகஸ்ட் 24

ஞாயிறு. பேசவில்லை. அங்கே வெயில் நேரம், பெரியப்பா தூங்கிக்கொண்டிருப்பார்.

செப்டம்பர் 2

வரைபடத்தைப் பார்வைக்கு வைத்தோம். யார் வேண்டுமானாலும் வந்து பார்த்து ஆட்சேபம் சொல்லலாம். நாலாம் வகுப்புக் கரும்பலகையில் ஒட்டியிருந்தேன்.

தொமோகோ-சான் வந்து, கண்ணாடி போட்டுப் பார்த்தார். வீட்டுப் பெயர்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஏழாவது எங்க, பாரு-சான்?"

சட்டத்தைச் சொன்னேன். பதிவைச் சொன்னேன். கிணற்றைச் சொன்னேன். நல்ல தெளிவாகத்தான் சொன்னேன்.

"அதெல்லாம் புரியுது. நீங்க தப்பா அளக்கல" என்றார். "ஆனா நான் இதுல முத்திரை வெச்சா, ஷின்கிட்ட இருந்து பிடுங்கித் தின்ன மாதிரி. நான் வெக்க மாட்டேன்."

"வெக்கலைன்னா கிணறு வராது. மலை வரும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அதான் சொன்னேனே, தெரியும்னு."

போகும்போது ஒரு பையைக் கொடுத்தார். பூட்ஸ். அளவு இருபத்தெட்டு. புதுசு.

செப்டம்பர் 9

புயல் மழை. இரண்டு நாளில் இருநூற்றுப் பத்து மில்லிமீட்டர்.

செப்டம்பர் 11

புள்ளிகள் பத்தொன்பது சென்டிமீட்டர் தள்ளி. சாலையின் குறுக்கே பிளவு. என் உள்ளங்கை அதற்குள் போகிறது.

அவசர வேலையாக அறிவித்துவிட்டார்கள். துளையிட்டுப் பார்த்துக் கிணற்றின் இடத்தையும் குறித்துவிட்டார்கள். நான் போய் அளந்தேன். கிணற்றின் மையம் கொமோரி நிலத்தின் நட்டநடுவில். விட்டம் மூன்று ஐம்பது, நிலம் மூன்று நாற்பது. இரு பக்கமும் ஐந்து ஐந்து சென்டிமீட்டர்தான் வெளியே.

இரண்டு முறை அளந்தேன். வேறு இடம் ஏதாவது கிடைக்காதா என்றுதான்.

செப்டம்பர் 14

தகெஜிரோ வீட்டுக்குப் போனேன். அவரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு.

"ஹோஷி-சான், நீங்க முத்திரை வெச்ச காகிதத்துல கொமோரி நிலம் இல்ல. பாதியை உங்க பக்கம் சேத்துட்டேன். உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லாம விட்டேன்."

அவர் அவித்த பூசணித் துண்டைச் சாப்பாட்டுக் குச்சியால் குத்தி என் தட்டில் வைத்தார்.

"என் நிலம் ஆயிரத்து இருநூற்றுப் பதினாறு. நீ எண்பத்து நாலுன்னு வாசிச்ச. அறுபத்தெட்டு கூடுது. எனக்குக் கண்ணுதான் மங்கல். கணக்கு மங்கல."

"அப்ப ஏன் வெச்சீங்க?"

"பாதி என் பேருக்கு வந்தா, தோண்டுங்கடான்னு நான் சொல்லலாம்ல."

அப்புறம் அவராகவே சொன்னார். அந்த ஏப்ரலில் அவருக்கு இருபத்து நான்கு வயது. தீயணைப்புக் குழுவின் தலைவர். கொமோரி அவருடன் ஒரே வகுப்பில் படித்தவர். குழிக்குள் முப்பது பேர் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் மேலே மண் மறுபடி முனகியது. நிறுத்து, ஏறுங்கள் என்று கத்தியது இவர்தான். ஏறினார்கள். கால் மணி நேரத்தில் குழி மூடிக்கொண்டது.

"முப்பது பேர் பிழைச்சாங்க. சரியான முடிவுதானே?" என்றேன்.

"சரிதான். இன்னைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன், நிறுத்துன்னு." பூசணியை மென்று முடித்தார். "சரியா இருந்தா ராத்திரி தூக்கம் வரணுமா இல்லையா? நீ படிச்சவன். சொல்லு."

பூசணி இனிப்பாக இருந்தது. இரண்டு தட்டு தின்றேன்.

செப்டம்பர் 28

கமிசவா கோயிலில் ஊர்க்கூட்டம். ஆறு வீட்டிலிருந்தும் ஒன்பது பேர், மொரிதா, நான். நடுக்கோட்டு வரைபடத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். கொமோரி நிலத்தைத் தனி மனையாக வரைய வழி இருக்கிறதாம். மொரிதாவே போய்ப் பதிவு அலுவலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்து வாங்கி வந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் யாராவது ஒருவர் பெயரில் இருக்க வேண்டும். அவர்தான் தோண்டச் சம்மதம் கொடுக்க வேண்டும்.

தகெஜிரோ கையைத் தூக்கினார்.

"நீங்க கேட்டு வாங்கக் கூடாது, தாத்தா" என்றார் தொமோகோ-சான். "நம்மள்ல யாரும் கேட்டு வாங்கக் கூடாது. கேட்டு வாங்கினா அது எடுத்துக்கிட்டது. குச்சியில விழுந்தா வேற."

குச்சி எடுப்பது என்று முடிவாயிற்று. குச்சிப் பெட்டி வந்தது. அறுபத்திரண்டு வருடமாகத் திறக்காதது. உள்ளே ஏழு குச்சிகள்.

"கொமோரி குச்சி வந்தா?" என்று யாரோ கேட்டார்கள்.

"வந்தா அது அவங்களோடதாவே இருக்கட்டும். தோண்ட வேண்டாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆறு வீட்டின் உயிரை ஏழில் ஒரு வாய்ப்புக்கு விட்டுவிட்டுத் தலையாட்டுகிறார்கள்! எழுந்து ஏதோ சொல்லப் போனேன். மொரிதா என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

இன்னொரு விதியும் உண்டு. ஊரில் நிலம் இல்லாதவன்தான் குச்சி எடுக்க வேண்டும். போன முறை எடுத்தது, மூட்டை கட்டி மருந்து விற்க வந்த வெளியூர்க்காரர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கூட்டம் கலைந்து மற்றவர்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பெட்டியைத் துடைத்து வைக்க என்னிடம் சொன்னார்கள். வேறு வேலை இல்லாததால் குச்சிகளை அளந்து வைத்தேன். நீளம் எல்லாம் பதினெட்டு சென்டிமீட்டர். தலையில் வீட்டுக் குறி, இரண்டு மில்லிமீட்டர் ஆழச் செதுக்கல். இவாபுச்சிக்கு வட்டம். கொமோரிக்குச் சிலுவைபோல இரண்டு கோடு. ஹோஷிக்கு மூன்று வெட்டு.

அக்டோபர் 5

குச்சி எடுத்தோம்.

தொமோகோ-சான் பெட்டியைத் துணியால் மூடி நீட்டினார். தகெஜிரோ முன்வரிசையில், இரு கையையும் தடியின் மேல் வைத்துக் கண்ணை மூடியிருந்தார். துணிக்குள் கையை விட்டேன். சற்று நேரம் எடுத்தது. விரல்கள் குளிரில் மரத்திருந்தன.

வந்தது மூன்று வெட்டு.

யாரும் கைதட்டவில்லை. தகெஜிரோ குச்சியை வாங்கி, கட்டைவிரலால் மூன்று வெட்டையும் தடவிப் பார்த்து, தலை குனிந்தார். எனக்கா, குச்சிக்கா என்று தெரியவில்லை.

வாசலில் தொமோகோ-சான் பக்கத்தில் வந்து நின்றார்.

"ரொம்ப நேரம் எடுத்துச்சே."

"குளிர். கை மரத்துப்போச்சு."

"இன்னிக்குப் பத்தொன்பது டிகிரி, பாரு-சான்" என்றார். லாரியில் ஏறிப் போய்விட்டார்.

நவம்பர் 6

தோண்டத் தொடங்கி நான்காம் நாள். தகெஜிரோ தினமும் காலை எட்டு மணிக்கு மடக்கு நாற்காலியுடன் வந்துவிடுகிறார். குழிக்குள் இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. எந்திரத்தின் சத்தத்தை வைத்து ஆழம் சொல்கிறார். பெரும்பாலும் சரியாக இருக்கிறது.

நாலு புள்ளி எட்டு மீட்டரில் கறுப்பு மண் வந்தது. மேலே இருப்பது நீலக் களி. இது மக்கள் வாழ்ந்த பழைய தரை. வைக்கோல்கூட இன்னும் வைக்கோலாகவே இருக்கிறது. அதிலிருந்து ஓர் இரும்புக் கொக்கி வந்தது. வீட்டு நடுவில் அடுப்புக்கு மேல் கெண்டி தொங்கவிடும் கொக்கி.

தகெஜிரோவின் மடியில் வைத்தார்கள். "இதுக்குக் கீழ உக்காந்து நாங்க ரெண்டு பேரும் அவ்வளவு குடிச்சிருக்கோம்" என்றார்.

மேஸ்திரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்: "நிறுத்தவா, ஹோஷி-சான்?"

எந்திரம் ஓய்ந்திருந்தது. அடிப்படைப் புள்ளியிலிருந்து அப்போதுதான் அளந்திருந்தேன். சரிவு ஒரு வாரமாக அசையவில்லை. அந்த எண்ணை அவர் காதில் சொன்னேன்.

"தோண்டுங்க" என்றார். சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி. "கையால தோண்டுங்க."

நவம்பர் 8

காவல்துறை வந்தது. நான் கிட்டே போகவில்லை.

தொமோகோ-சான் ஒரு வெள்ளைத் துணி கொண்டு வந்தார். பிறகு வீட்டுக்குப் போய், சின்னதாக இன்னொன்று கொண்டு வந்தார்.

நவம்பர் 9

ஞாயிறு. முதல் பனி. நிற்கவில்லை, விழுந்ததும் உருகிற்று.

ஜூலை 3இல் எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். எனக்கு ஏழு வயதில் பெரியப்பா அந்தக் கிணற்றில் நீச்சல் பழக்கினார். இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, மேல் படியில் நின்றார். நான் நட்ட கல்லுக்கு எங்கள் பக்கம் விழுந்த படி. அவர் நின்ற இடத்தை அளந்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். கயிறு சுற்றியது வலது கை.

அளவு சரிதான்.

மாலை அம்மாவை அழைத்தேன். அந்தக் கல்லைப் பிடுங்கிவிடு என்றேன். அப்பா ஏதாவது சொன்னால் என் பெயரைச் சொல் என்றேன். அம்மா ஃபோனைத் தூக்கிக்கொண்டு அடுத்திருக்கும் பெரியப்பா வீட்டுக்கு நடக்கும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. கதவு திறந்தது. யாரோ மூச்சை இழுத்து ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தார்.

காத்திருந்தேன். எனக்கு அவசரம் இல்லை.